மெழுகில் இருந்த அக்கா

காலையில் அலுவலகத்துக்குப் போகும் வழியில், பேருந்து நிலையத்தில் திருநெல்வேலி பஸ் நிற்பதைப் பார்த்தால் இப்போதும் என் கால் ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்புகிறது. சனி ஞாயிறு நீங்கலாகப் பதினைந்து நாள் அந்த பஸ்ஸில் போய்வந்தேன். எங்கள் ஊரை அடுத்த புதுக்கோட்டை, வாகைக்குளம், வல்லநாடு, பிறகு ஆற்றுப் பாலம். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போன நாட்களை ஒருத்தி ஏக்கத்தோடு நினைப்பாளா என்று யாராவது கேட்கலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் கனகா. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் வேலை. கணவர் சேகர் மஸ்கட்டில் இருக்கிறார். மகன் அருண் எட்டாம் வகுப்பு. அம்மா எங்களோடு இருக்கிறாள். எனக்கு ஒரு அக்கா இருந்தாள், செல்வி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஓட்டப்பிடாரத்தில் உரக்கடை வைத்திருக்கும் தங்கராஜ் அத்தானுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். பிள்ளை இல்லை. நாற்பத்தொரு வயதில் மார்பகப் புற்றுநோயில் போய்விட்டாள். பத்து வருஷம் ஆகிறது.

எனக்கு வலியும் இல்லை, கட்டியும் இல்லை. எங்கள் அலுவலகம் இருக்கும் தெருவுக்கு ஒருநாள் மார்பைப் படமெடுத்துப் பார்க்கும் மேமோகிராம் வண்டி வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பெண்களும் போனார்கள், நானும் போனேன். மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. என்னை மட்டும் திருநெல்வேலியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார் அறுவை சிகிச்சை டாக்டரம்மா. இடது மார்பில் ஓர் இடத்தில் மட்டும் பொடி உப்பைச் சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள். சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறது, பெரும்பாலும் இது தொந்தரவில்லை, ஆனால் இப்படிக் கொத்தாக இருந்தால் பார்த்துவிட வேண்டும் என்றார். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே அழுத்திவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் நூல் கனத்துக்குத் திசு எடுத்தார்கள். எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிப்பது மாதிரி ஒரு சத்தம். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான். அன்று ஒவ்வொன்றுக்கும் தூக்கிப்போட்டது.

முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் அம்மாவிடம் ஏதோ மாதாந்திரக் கோளாறு என்று சொல்லிவைத்தேன். அறிக்கையில் டி.சி.ஐ.எஸ். என்று இருந்தது. பால் வருகிற சிறு குழாயின் உட்பக்கச் செல்கள் கெட்டுப் பெருகியிருக்கின்றன, ஆனால் குழாயின் சுவரைத் தாண்டி வெளியே வரவில்லை என்று அர்த்தம். ஸ்டேஜ் சீரோ என்றார் டாக்டரம்மா. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என் காதில் அக்காவின் கடைசி மாதங்களின் இருமல்தான் கேட்டது. இரண்டு மார்பையும் எடுத்துவிடுங்கள், நாளைக்கே வேண்டுமானாலும் எடுங்கள் என்றேன்.

அவர் என்னைத் தடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கவைத்துவிட்டு, உங்கள் அக்காவுக்கு வந்தது எந்த வகை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் வகை, அதெல்லாம் அவருடைய அறிக்கையில் இருக்கும், அது கிடைத்தால் பரம்பரையாக வருகிறதா என்று பார்க்க உதவும், அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம் என்றார். அக்காவுக்கும் இதே மருத்துவமனையில்தான் வைத்தியம் நடந்தது. ஆனால் பழைய பதிவைத் தேட அவளுடைய எண் வேண்டும். எண் ஃபைலில் இருக்கும். ஃபைல் அத்தானிடம் இருக்கும்.

அத்தானிடம் நாங்கள் பேசிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அக்காவின் இறப்பு வீட்டில், அத்தனை பேர் நடுவில், காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் என் அக்காவைக் கொன்றுவிட்டீர்கள் என்று நான் அவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடுத்த வருஷமே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். நான் சொன்னது சரிதான் என்று அதிலேயே தெரிந்துவிட்டதாக அம்மாவும் நானும் முடிவுகட்டிக்கொண்டோம். அந்த வீட்டைப் பற்றிய பேச்சே எங்கள் வீட்டில் இல்லாமல் போனது.

ஒரு சனிக்கிழமை, வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓட்டப்பிடாரம் பஸ் ஏறினேன். கடையில் மூட்டைகளுக்கு நடுவே அத்தான் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வா கனகா என்றார், நேற்று வந்துபோனவளைக் கூப்பிடுவதுபோல. நான் உட்காரவில்லை. எனக்கு இன்ன நோய், அக்காவின் ஃபைல் வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். அவர் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் போனார். அவருடைய மனைவி சாந்தி ஒரு தம்ளரில் காப்பி கொண்டுவந்து மூட்டையின் மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். என் வயதுதான் இருக்கும். நான் காப்பியைத் தொடவில்லை.

அத்தான் கொண்டுவந்த ஃபைலில் ஒவ்வொரு தாளும் தேதிப்படி அடுக்கியிருந்தது. முதல் தாளைப் பார்த்தேன். அக்காவுக்குப் புற்றுநோய் என்று எங்களுக்குத் தெரியவந்ததற்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி. டி.சி.ஐ.எஸ்., இடது மார்பு. எனக்கு வந்த அதே எழுத்துகள். அதற்கு அடியில் அறுவை சிகிச்சைக்குப் படுக்கை ஒதுக்கிய சீட்டு. அந்தத் தேதி எனக்கு மறக்கக்கூடிய தேதி இல்லை. அருண் எட்டாம் மாதத்திலேயே பிறந்து மூன்றாம் நாள் அது.

அருண் பிறந்த அன்று இரவோடு இரவாக ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்தவள் அக்கா. நாற்பது நாள் என்னோடு இருந்தாள். பிள்ளை அவ்வளவு சிறிசு, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். நான் தூங்கும் நேரத்தில் அக்கா தன் ரவிக்கையைத் தளர்த்தி அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாள். மக்ரூன் மிட்டாய் வாங்கி வந்தால் எனக்கென்று சொல்லி அவளே பாதிப் பெட்டியைத் தின்பாள். என் வாழ்நாளில் நான் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்த நாற்பது நாள்தான் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல, அத்தான்?"

"சொல்லக் கூடாதுன்னுட்டா. புள்ளையப் பெத்துட்டு கெடக்கா, இதக் கேட்டா பாலு வத்திப் போயிரும்னா."

"அதுக்குப் பொறவு?"

"பொறவு தீபாவளி கழியட்டும்னா. பொங்கல் கழியட்டும்னா. சீரோன்னுதான எழுதியிருக்கு, சீரோன்னா ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்னு எங்கிட்டயே கேக்கா. ரெண்டு தடவ மறுபடி தேதி வாங்கினேன். வண்டியில ஏற மாட்டேன்னுட்டா."

நான் அந்தப் படுக்கைச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி ஃபைலுக்குள் வைத்தார்.

"உன்னாலன்னு நெனைக்காத, கனகா. நாப்பது நாளுதான் உன் வீட்டுல இருந்தா. மிச்ச ரெண்டு வருசமும் என் வீட்டுலதான் இருந்தா."

இறப்பு வீட்டில் நான் அப்படிச் சொன்னபோது இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னா நீ என்னாவ, அவ போன துக்கமே உனக்குப் போதும்லா என்றார். பஸ் ஏறும்வரை கூடவே வந்து நின்றார். ஊர் வந்து சேரும்வரை நான் அழுதேன். பக்கத்தில் இருந்த பாட்டி ஒருத்தி என்ன ஏது என்று கேட்காமல் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

அக்காவின் அறிக்கைகளை டாக்டரம்மா படித்தார். எனக்கு இரத்தம் எடுத்துப் பரம்பரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குடும்பத்தில் இறங்கி வரும் கோளாறு எதுவும் அகப்படவில்லை. அக்காவுடையது பெண் ஹார்மோனைத் தின்று வளரும் வகை, என்னுடையதும் அதேதான். இரண்டு மார்பையும் எடுக்க அவசியமில்லை, புள்ளிகள் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கலாம், பிறகு ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை என்றார். அப்போது எனக்குப் பயம் குறைந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொல்வதைக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம், திசுப் பரிசோதனைத் துறையின் டாக்டர் என்னையும் அத்தானையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். அறுவையில் எடுக்கும் திசுவை மெழுகில் புதைத்துச் சிறு கட்டியாக வைத்திருப்பார்களாம். அக்காவுக்குக் கடைசியில் தாமதமாகச் செய்த அறுவையின் மெழுகுக் கட்டி இன்னும் கீழ்த்தளத்து அறையில் இருக்கிறது என்றார். அத்தான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பத்து வருஷமாக அக்காவுடையது என்று சொல்ல எங்களிடம் சேலைகளும் போட்டோக்களும்தான் இருந்தன. அவளில் விரல்நுனி அளவு இந்தக் கட்டடத்துக்குள் இருந்திருக்கிறது. எனக்குக் காட்டுவீர்களா என்று கேட்டேன்.

மெழுகிலிருந்து சீவிய மெல்லிய படலத்தைக் கண்ணாடியில் வைத்து, பெரிதாக்கித் திரையில் காட்டினார். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்தது. வட்டமான குழாய்களுக்குள் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சுற்றிலும் கோடு மாதிரிச் சுவர். இது சுவருக்குள் அடங்கியிருப்பது, உங்களுக்கு இருப்பதும் இதே மாதிரிதான் என்றார். திரையைக் கொஞ்சம் நகர்த்தினார். அங்கே சுவர் இல்லை. செல்கள் வரிசை வரிசையாக வெளியே போயிருந்தன.

பிறகு அவர் விளக்கினார். என் வேலையைக் கேட்டுவிட்டு அதை வைத்தே சொன்னார். உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே பெரிய பதிவேடு இருக்கிறது, அதுதான் ஜீன்கள். எந்தச் செல்லும் முழுப் பதிவேட்டையும் பயன்படுத்துவதில்லை. தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வேலை செய்கிறது. எந்தப் பக்கத்துக்கு எத்தனை நகல் என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் செல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். புற்று என்றால், சுவரை உடைத்து வெளியே வரும்போதுதான் இந்த நகல் கணக்கு தாறுமாறாகும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. சுவருக்குள் அடங்கியிருக்கும்போதே பெரும்பாலான மாற்றம் நடந்து முடிந்திருக்கிறது. உள்ளே நிற்கும் செல்லும் வெளியே போன செல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் நகல் எடுக்கின்றன. அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் சுவர் உடைகிறது, பலருக்கு ஏன் கடைசிவரை உடைவதே இல்லை? சுவரைச் சுற்றியிருக்கும் செல்கள் காரணமா? அதைத்தான் தேடுகிறோம். கூடப்பிறந்த இரண்டு பேரின் திசு கிடைப்பது அரிது. பழைய மெழுகில் நகல்கள் துண்டு துண்டாகத்தான் இருக்கும், இருந்தாலும் இப்போதைய முறையில் ஓரளவு படிக்கலாம். உங்களுக்கு இதனால் தனிப்பட்ட பலன் எதுவும் கிடைக்காது, முடிவும் சொல்ல மாட்டோம். விருப்பமில்லை என்றால் உங்கள் சிகிச்சை எந்த விதத்திலும் மாறாது.

எனக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. அன்று படுக்கைச் சீட்டில் இருந்த தேதியில் அக்கா வந்திருந்தால், அந்த நாற்பது நாள் என்னோடு இருக்காமல் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அத்தான் வேண்டாம் என்பதுபோல என் பக்கம் திரும்பினார்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு வருசம் தள்ளிப்போட்டது தப்புதாம்மா. அத மறைக்க மாட்டேன். ஆனா நாப்பது நாள்ல என்ன நடந்துச்சு, நடக்கலன்னு யாராலயும் சொல்ல முடியாது. அது தெரிஞ்சிருந்தா இந்த ஆராய்ச்சியே தேவையில்ல."

பொய்யான ஆறுதலாக இருந்திருந்தால் என்னால் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தார். நோயாளிக்கு உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதி, அதன் மேல் விரலை வைத்தபடி கொஞ்சநேரம் இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கான படிவத்தில் நான் போட்டேன்.

அறுவைக்குச் சேகர் இரண்டு வார விடுப்பில் வந்தார். வெட்ட வேண்டிய இடம் வெளியே தெரியாது என்பதால் காலையில் மார்புக்குள் மெல்லிய கம்பியைச் செருகி அடையாளம் வைத்தார்கள். மயக்கத்திலிருந்து எழுந்தபோது முதலில் கையைத்தான் நெஞ்சுக்குக் கொண்டுபோனேன். கட்டுக்குள் மார்பு இருந்தது. சேகர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து எனக்குச் சீப்பால் தலைவாரிவிட்டார். சடை பின்னத் தெரியாமல் கயிறு மாதிரி முறுக்கிவிட்டார். வெட்டிய திசுவின் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று செய்தி வந்த மறுநாள் அவர் மஸ்கட்டுக்குத் திரும்பவேண்டியிருந்தது. அம்மாவுக்கு என் நோயைச் சொல்லியாகிவிட்டது. அக்காவின் முதல் அறிக்கையை மட்டும் சொல்லவில்லை. அம்மா அருணையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள, நான் தனியாகவே கதிர்வீச்சுக்குப் போய்வருவதாக ஏற்பாடு.

முதல் நாள் பேருந்து நிலையத்தில் திருநெல்வேலி பஸ் பக்கத்தில் சாந்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குவாளி. ஓட்டப்பிடாரத்திலிருந்து முதல் வண்டியில் வந்திருக்கிறாள்.

"அவிய சொன்னாவ, நீங்க தனியா போறியன்னு. வேண்டாம்னா சொல்லுங்க, அடுத்த வண்டியில திரும்பிருதேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பஸ் கிளம்பப்போவதாக நடத்துநர் விசில் கொடுத்தார். ஏறுங்க என்றேன்.

கதிர்வீச்சு பத்து நிமிஷ வேலை. வலிக்காது. மார்பில் மையால் போட்ட குறிகள் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சோப்பு கூடாது, இயந்திரம் சுற்றும்போது அசையக் கூடாது, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. காத்திருக்கும் கூடத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தினமும் பார்த்துக்கொள்வோம். காயல்பட்டினத்திலிருந்து வந்த ஒரு அம்மா எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுப்பார். இயந்திரம் பழுதாகி நிற்கும் நாளில் யாருக்கும் எரிச்சல் வராது, கதை நீளும்.

இரண்டாம் நாள் வல்லநாடு தாண்டும்போது சாந்தி கேட்டாள். "அக்கா எப்படி இருப்பாவ? எங்க வீட்டுல போட்டோ இருக்கு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணுந் தெரியாது. இவியகிட்ட கேட்டா எந்திரிச்சுப் போயிருவாவ."

அன்றிலிருந்து அந்தப் பாதை முழுக்க அக்கா வந்தாள். என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்தது, கப்பலின் கொடியைப் பார்த்து நாட்டின் பெயர் சொல்லும் போட்டியில் தெரியாத கொடிக்கெல்லாம் பனாமா என்று அடித்துவிட்டது, மாதா கோயில் திருவிழாவில் ராட்டினத்தில் ஏறியவள் இறங்க மறுத்து அடுத்தடுத்து மூன்று தடவை சுற்றியது, கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணிக் கையோடு, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்குச் சோறு ஊட்டியது. பத்து வருஷமாக நான் அக்காவின் சாவை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உயிரோடு இருந்த அக்காவைக் கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது. சாந்தி நடுவில் பேச மாட்டாள். சில இடங்களில் சிரிப்பாள். ஒருதடவை, அதான் இவிய, கொடி கட்டுன லாரியப் பாத்தா பனாமாங்காவளோ என்றாள். அத்தான் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புதுச் செய்தி. அக்கா அவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நானும் சாந்தியும் பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். எப்போது வாங்க போங்க விட்டுப்போனது என்று ஞாபகமில்லை.

பதினைந்தாம் நாள் இயந்திர அறையிலிருந்து வெளியே வந்ததும் கூடத்துப் பெண்கள் கைதட்டினார்கள். அது அங்கே வழக்கம். தோல் கறுத்து எரிச்சலாக இருந்தது, நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். இப்போதுவரை இரண்டு முறை போய்வந்தாயிற்று, படத்தில் எதுவும் இல்லை. அக்காவின் மெழுகுக் கட்டியிலும் என்னுடையதிலும் என்ன படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்பதும் இல்லை. யாரோ ஒருத்திக்கு, இது உடையாத சுவர், நீ பயப்படாதே என்றோ, இது உடையும், உடனே வா என்றோ ஒருநாள் உறுதியாகச் சொல்ல முடிந்தால் போதும்.

அந்தக் கடைசி நாள் ஊர் வந்து இறங்கியதும் சாந்தி ஓட்டப்பிடாரம் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தி ஆட்டோவில் ஏற்றினேன். அம்மா என்ன சொல்வாளோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள். எனக்கும் பயம்தான். இத்தனை நாளும் கூட வந்தது ஆபீஸ் சிநேகிதி என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன்.

அம்மா அடுக்களையில் இருந்தாள். நான் சாந்தி யார் என்று சொன்னேன். பதினைந்து நாளும் இவள்தான் கூட வந்தாள் என்றும் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைக்காமல் அவளை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். சாந்தி வாசலிலேயே நின்றாள். அம்மா திரும்பி அடுப்பை அணைத்தாள். தட்டு எடுத்துக் கழுவும் சத்தம் கேட்டது. ஒரு தட்டா இரண்டு தட்டா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு தட்டிலும் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் போட்டு வைத்தாள். நாங்கள் உட்கார்ந்தோம். சாந்தி தலையைக் குனிந்தபடி முதல் கவளத்தை எடுத்தாள். அம்மா எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு அவளிடம் கேட்டாள்.

"மருமவனுக்கு இப்பவும் கத்திரிக்கா ஆகாதா?"